ஜூன் ஒன்றாம் தேதிக் காடு

சித்தூரிலிருந்து வேலூர் போகிற பேருந்தில் ஏறி, குடிபாலா தாண்டி, ஆந்திரா முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் இறங்கினால் கொல்லமேடு. அந்த ஊரில் ரத்னம்மாவின் வீட்டை யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. அவளுடைய சிரிப்பு பேருந்து நிறுத்தம் வரைக்கும் கேட்கும். சிரிக்க ஆரம்பித்தால் அவளுக்கு நிறுத்தத் தெரியாது. சாவு வீட்டில் சிரித்து அடி வாங்கியிருக்கிறாள். தாலி கட்டும்போது கங்கையாவின் கை நடுங்கியதைப் பார்த்துச் சிரித்து, மாமியாரிடம் முதல் நாளே திட்டு வாங்கியிருக்கிறாள். சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குப் போன காலத்தில், அவள் உட்கார்ந்த வரிசையில் வேலையே நடக்கவில்லை என்று மேஸ்திரி அவளைத் தனியாக ஒரு மூலைக்குத் தள்ளினார். அங்கே மாங்கொட்டைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கும் கங்கையாவுக்கும் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். இருந்ததெல்லாம் ஊருக்குப் பின்னால் நின்ற குருவிக்கரடு என்கிற மலைதான். விறகு அங்கேதான், துடைப்பப்புல் அங்கேதான், சீத்தாப்பழம் அங்கேதான், புருஷனோடு சண்டை போட்டுவிட்டுப் போய் உட்காருவதற்கு இடமும் அங்கேதான். வெட்டி வெட்டி அதை மொட்டையாக்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். மொட்டையாக இருந்தாலும் அது எங்கள் மொட்டை என்பாள் ரத்னம்மா.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் வனத்துறையின் பீட் ஆபீசர் கிரண்குமார் ஒரு ஜீப்பில் வந்து இறங்கினார். தெலுங்குக்காரர், பலமநேர் பக்கம். தமிழைப் பாதி தெலுங்கில்தான் பேசுவார். மலையில் மரம் வைத்துக் காப்பாற்ற ஊரில் ஒரு வன சமிதி அமைக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். ரத்னம்மா டீக்கும் பன்னுக்கும் போயிருந்தாள். தலைவர், உபதலைவர் இரண்டு பேரில் ஒருத்தராவது பொம்பளையாக இருக்க வேண்டும் என்று கிரண்குமார் சொன்னதும், வந்திருந்த பொம்பளைகள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு ஆட்டுக்குட்டி உள்ளே வந்து ஆபீசரின் ஃபைலைக் கடித்தது. ரத்னம்மா வாய்விட்டுச் சிரித்தாள். நிமிர்ந்திருந்த ஒரே பெண் முகம் அதுதான் என்பதால் அவள் தலைவரானாள்.

சமிதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட ஒரு வாரம் பழகினாள். 'ரத்' வரைக்கும் நன்றாக வரும், அப்புறம் எழுத்து மேலே ஏறிவிடும். ஆனாலும் போட்டாள். குருவிக்கரட்டின் பேரும் தன் பேரும் ஒரே காகிதத்தில் இருப்பதைப் பார்த்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அதை நகல் எடுத்து, வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

"சூடண்டி ரத்னம்மா காரு," என்று கிரண்குமார் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "ஆயிரம் குழி. ஆயிரம் செடி. ரெண்டு கோடை போனப்புறம் ரேஞ்சர் வந்து எண்ணுவாரு. ஐநூறு உயிரோட இருந்தா மலை உங்க சமிதிக்கு. இல்லைன்னா, வெட்ட வெளின்னு ரிப்போர்ட் பெட்டுவாரு. அப்போ கிரானைட்டுக்குக் குடுத்துடுவாங்க. மனு ஏற்கெனவே வந்தேசிந்தி, வந்தாச்சு."

ரத்னம்மாவுக்குக் கிரானைட் என்றால் என்னவென்று தெரியும். மூன்று கல் தள்ளி ஒரு ஊரில் கிரானைட் எடுக்கிறார்கள். அங்கே அவள் தங்கச்சியைக் கொடுத்திருக்கிறது. வெடி வைத்தால் பானையில் தண்ணீர் ஆடும், சுவரில் விரிசல் விழும், சோற்றில் வெள்ளைத் தூசி. அந்த ஊரில் மலை இருந்த இடத்தில் இப்போது ஒரு பள்ளம்.

குழி தோண்டக் கூலி உண்டு, நடக் கூலி உண்டு. எனவே ஊரே திரண்டு வந்து தோண்டியது, நட்டது. வேம்பு, புங்கன், நாவல், புளி, இலுப்பை என்று ஆயிரமும் மழையில் நிமிர்ந்து நின்றன. தண்ணீர் ஊற்றக் கூலி கிடையாது. எனவே ஊற்ற ஒருவரும் வரவில்லை. கங்கையா சைக்கிளில் இரண்டு குடம் கட்டிக்கொண்டு மலையடி வரைக்கும் கொண்டுவருவார், அங்கிருந்து ரத்னம்மா இடுப்பில் ஏற்றுவாள். ஆயிரம் செடிக்கு ஒரு இடுப்பு. முதல் கோடை முடிந்து எண்ணிப் பார்த்தபோது நானூற்றுப் பத்துதான் மிச்சம். அன்றைக்கு மட்டும் ஊருக்கு அவள் சிரிப்புக் கேட்கவில்லை.

"இன்னாமே, பேயறைஞ்ச மாதிரி கீற?" என்றார் கங்கையா.

"இன்னும் ஒரு கோடை கீதுயா. இருக்கறதும் பூடும். மலைய துன்னுடுவானுங்க."

இந்த இடத்தில்தான் தமிழரசு வருகிறான். அவன் அதே ஊர்த் தாட்சாயணியின் மகன். பத்தாவது முடித்து, லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு, குவைத்துக்கு மனுப் போட்டு, இரண்டு முறை விசா தவறிப்போய், பேருந்து நிறுத்தத்திலேயே குடியிருந்தான். அந்த வருஷங்களில் ஊரில் இளசுகள் அத்தனை பேரும் அப்படித்தான் இருந்தார்கள். ஒருத்தன் குவைத் என்பான், ஒருத்தன் சிங்கப்பூர் என்பான், துணிச்சல் இல்லாதவன் பெங்களூர் என்பான். எல்லோருக்கும் ஃபாரம் எழுதிக் கொடுப்பது கிருஷ்ணப்பா. குடிபாலாவில் அவருடைய கடைப் பலகையில் எஸ்.டி.டி., ஜெராக்ஸ், பாஸ்போர்ட், ஜாதகம் என்று நான்கு தொழில் எழுதியிருக்கும். நான்கையும் ஒரே மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்ப்பார்.

மூன்றாம் முறையும் விசா வராததால் தாட்சாயணி அழுதுகொண்டே போய், பையனுக்கு நேரம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கிருஷ்ணப்பா பாஸ்போர்ட்டைப் பிரித்தார், பிறந்த தேதியைப் பார்த்தார், பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "ரோகிணி நட்சத்திரம். இவனுக்கு மரம் நாவல். நாப்பத்தெட்டு நாள் ஒரு நாவல் செடிக்குத் தண்ணி ஊத்தும்மா, வழி தெறக்கும்" என்றார். நாவல் எங்கே இருக்கிறது? குருவிக்கரட்டில் இருக்கிறது. தாட்சாயணி குடத்தோடு மலை ஏறினாள். நாற்பத்தோராம் நாள் விசா வந்தது.

அவ்வளவுதான். ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. அடுத்த பேருந்திலேயே பதினைந்து பெண்கள், கையில் மகன்களின் பாஸ்போர்ட்டோடும் பள்ளிச் சான்றிதழோடும் கிருஷ்ணப்பாவின் கடைக்குப் போய் இறங்கினார்கள். அந்த வாரம் அவர் ஜெராக்ஸ் மிஷினை மூடியே வைத்துவிட்டார். தமிழரசுவோடு படித்த பத்துப் பேருக்கும் ரோகிணிதான் வந்தது, நாவல்தான் மரம். அதற்கு அடுத்த வகுப்பில் படித்த ஒன்பது பேருக்கும் திருவோணம் வந்தது.

திருவோணத்துக்கு மரம் எருக்கு.

ஒன்பது தாய்மார்கள் மலை ஏறி எருக்கஞ்செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். யாரும் ஊற்றாமலேயே சுடுகாட்டு ஓரத்தில் தழைக்கிற செடி அது. ஊற்றியதும் ஆளுயரம் வளர்ந்து, பூத்து, காய் வெடித்து, பஞ்சு ஊரெல்லாம் பறந்தது. ரத்னம்மா பாறையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. இவ்வளவு தண்ணீர் மலை ஏறுகிறது, ஒரு சொட்டு புங்கனுக்கு இல்லை, வேம்புக்கு இல்லை, புளிக்கு இல்லை. எருக்கு ரேஞ்சர் கணக்கில் வராது. நேராகக் கிருஷ்ணப்பாவிடம் போனாள்.

"ணா, ரெண்டு பேருக்கு வேம்பு சொல்லுணா. ஒர்த்தனுக்கு இலுப்பை சொல்லு. உனக்கு இன்னா கொறஞ்சி பூடும்?"

"ரத்னம்மா, நான் சொல்றதில்ல, சாஸ்திரம் சொல்றது. உத்திரட்டாதில ஒர்த்தன் பொறந்தா வேம்பு சொல்றேன். உங்க ஊர்ல ஒர்த்தனும் பொறக்கலியே, நான் இன்னா பண்ணட்டும்?"

இதற்கிடையில் நாவல் செடிகளுக்குக் கொண்டாட்டம் அளவு மீறிப்போனது. முதல் கோடைக்குத் தப்பியவை ஏழுதான், ஊற்றுகிறவர்கள் பதினொரு பேர். தன் மகனுக்கு முன்னால் அடுத்தவள் மகன் போய்விடக் கூடாது என்று காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம், வேண்டுதலுக்கு ஒரு குடம். லட்சுமம்மா தன் மகன் சந்திரனுக்காக ஊற்றிவந்த நாவல் ஒரு நாள் வேர் அழுகிச் சாய்ந்தது.

அடிகுழாயடியில் சண்டை பிடித்தது. லட்சுமம்மா, "என் புள்ள செடிக்கு நீ ஏண்டி ஊத்துன?" என்று தாட்சாயணியின் குடத்தைப் பிடுங்கி எறிந்தாள். தாட்சாயணி, "என் புள்ள பூட்டானேன்னு உனக்கு வயித்தெரிச்சல்" என்றாள். பத்துப் பதினைந்து பேர் தலைமயிரைப் பிடித்துக்கொள்ளத் தயாராக நின்றார்கள். ஓடிவந்த ரத்னம்மாவுக்கு இருந்த ஆத்திரத்தில் என்ன பேசுகிறோம் என்பது தெரியவில்லை.

"அடச்சீ, நிறுத்துங்கடி! ரோகிணியாம், நாவலாம்! உன் சந்திரன் ஜூன் மாசமாடி பொறந்தான்? மார்கழிக் குளிர்ல பொறந்தான். வைக்கோலக் கொளுத்தி உன்னக் காய வச்சதே நான்தான்! உன் தமிழரசு பொறந்தன்னிக்கு மழைல ஊடே இடிஞ்சிது. எல்லாரும் ஜூன் ஒண்ணாம் தேதியா பெத்தீங்க? ஒரே நாள்ல பதினோரு பிரசவம் பாக்க இந்த ஊர்ல ஏதுடி மருத்துவச்சி?"

தலைமயிரைப் பிடிக்க நீண்ட கைகள் கீழே இறங்கின.

விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொல்லமேட்டுப் பள்ளிக்கூடத்தில் பழைய ஹெட்மாஸ்டர் ஒருவர் இருந்தார். பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களுக்குத் தேதி தெரியாது. விதிப்படி சேர்க்கை நாளில் பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். இப்படி ஊரில் முப்பது வருஷமாக எல்லோரும் ஜூன் ஒன்றாம் தேதியே பிறந்தார்கள். பெற்றவளுக்கே அது தெரியும், பெற்றவள்தான் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஆனால் அதே தேதி நீலநிற அட்டை போட்டு, சிங்க முத்திரையோடு பாஸ்போர்ட்டாகத் திரும்பி வந்தபோது, சர்க்கார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளே நம்பிவிட்டாள். கிருஷ்ணப்பாவும் நம்பிவிட்டார், அதற்கு ஃபாரம் எழுதியவரே அவர்தான்.

ரத்னம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாவலுக்காவது ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இனி அதுவும் இல்லை. வாயைக் கொடுத்து மலையையே தொலைத்துவிட்டேன் என்று வீட்டுக்குப் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

பெண்கள் அன்றைக்கே கிருஷ்ணப்பாவின் கடையை முற்றுகையிட்டார்கள். அசல் தேதியைச் சொல்லுங்கள், கணித்துத் தருகிறேன் என்று அவர் வியர்த்துக்கொண்டே சொன்னார். அசல் தேதிக்கு எங்கே போவது? ஒருத்தி ஏரி உடைந்த வருஷம் என்றாள். ஒருத்தி அறுப்புக் காலம், ஆனால் நெல்லா கேழ்வரகா என்பது ஞாபகமில்லை என்றாள். ஒருத்தி, வேலூர் பேருந்து கவிழ்ந்ததற்கு இரண்டு நாள் முந்தி என்றாள், எந்தப் பேருந்து என்று கேட்டதற்கு மூன்று முறை கவிழ்ந்ததே என்றாள். கிருஷ்ணப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மொத்தம் இருபத்தேழு நட்சத்திரம். உங்க புள்ளைங்க அதுல எங்கியோ ஒண்ணுல கீறாங்க. அதுக்கு மேல என்னால முடியாது, தாயி."

லட்சுமம்மா படி இறங்கப் போனாள். பிறகு, கடை வாசலில் நின்று, ஊர்த் தலையெழுத்தை மாற்றிய அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"இருவத்தேழுக்கும் ஊத்துனா?"

மறுநாள் விடிந்து ரத்னம்மா கதவைத் திறந்தால், வாசலில் வரிசை. "தலைவரே, வன்னி எங்க கீது? எட்டி கீதா? மகிழம் எந்தப் பக்கம்? மருதம் எனக்கு ஒண்ணு ஒதுக்கி வைங்க." அதுவரைக்கும் அவளைத் தலைவர் என்று யாரும் கூப்பிட்டதில்லை. என்ன நடக்கிறது என்று புரிவதற்கே அவளுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரித்தாள். கங்கையா பயந்துபோய் முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

அந்தக் கோடை முழுக்க ஊருக்குக் கிறுக்குப் பிடித்திருந்தது. உத்திரட்டாதிக்கு வேம்பு, எனவே எல்லா வேம்புக்கும் தண்ணீர். ரேவதிக்கு இலுப்பை, எனவே எல்லா இலுப்பைக்கும் தண்ணீர். புங்கனும் புளியும் சாஸ்திரத்தில் இல்லையே என்று கவலைப்பட்ட ரத்னம்மா, "நட்சத்திர மரத்துக்குப் பக்கத்துல கீற மரம் வாடினா தோஷம்" என்று தன் சொந்த சாஸ்திரம் ஒன்றை அவிழ்த்துவிட்டாள், அதுவும் செல்லுபடியானது. பட்டுப்போன குழியெல்லாம் நிரம்பின. மலையில் இல்லாத வகைகளைத் தேடிப் பெண்கள் பேருந்து ஏறினார்கள். திருப்பதிக்கு மொட்டை போடப் போனவள் மடியில் மகிழங்கன்றோடு வந்தாள். நாகலாபுரம் கோயிலுக்குப் போனவள் வன்னி கொண்டுவந்தாள். மூங்கில் வேரோடு வேலூர் பேருந்தில் ஏறியவளிடம் கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டார், அரை டிக்கெட்டுக்கு வாதாடி வென்றாள்.

ரத்னம்மா வனத்துறை நாற்றுப்பண்ணைக்குப் போய் எட்டிச் செடி கேட்டபோது கிரண்குமார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "எட்டியா? விஷம் கதா அம்மா அது! என் சர்வீஸ்ல ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை."

"முப்பது குடுங்க சார்," என்றாள் ரத்னம்மா. "ஆடு துன்னாது."

ஆடுகள் மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இருபத்தேழில் எதைக் கடித்தாலும் ஊரில் யாரோ ஒருத்தனுடைய எதிர்காலத்தைக் கடித்த மாதிரி, முப்பது பொம்பளைகள் கல்லோடு வருவார்கள். முதலில் ஒரே வேம்பை நாலு பேர் பங்குபோட்டார்கள். பிறகு உன் தண்ணீரில் என் மகன் போவானா என்று ஆளுக்கு ஒன்று தனியாக நட்டார்கள். குழி தீர்ந்துபோனது. குழிக்கு இடையில் குழி தோண்டினார்கள். இந்த முறை கூலியைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

விசாக்கள் வந்தன, அது மரத்தாலா, மனுப் போட்டுக்கொண்டே இருந்ததாலா என்று யார் கண்டார்கள்? சந்திரன் சித்திரை மாதம் குவைத்துக்குப் போனான். ஒன்பது எருக்குப் பையன்களில் ஐந்து பேரும் போனார்கள். போனபிறகும் அம்மாக்கள் ஊற்றுவதை நிறுத்தவில்லை. வாராவாரம் எஸ்.டி.டி.யில் பேசி முடித்து, போனை வைத்துவிட்டு, நேராக மலைக்குத்தான் வந்தார்கள்.

இரண்டாயிரத்தில், இரண்டாவது கோடைக்குப் பிறகு, ரேஞ்சர் வந்தார். ஓய்வுபெறப் போகிற வயது, சிரிக்காத முகம். கிரண்குமார் பின்னால் சீட்டும் பேனாவுமாக. மலையடியில் ஊர் முழுக்கக் கூடி நின்றது. ரேஞ்சர் வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு ஏறினார். ஐநூறு தாண்டியபோது ரத்னம்மா கங்கையாவின் கையைக் கிள்ளினாள். எண்ணூறு வந்தது. ஆயிரம் வந்தது. ரேஞ்சர் நின்றார், ஏனென்றால் மலை இன்னும் பாதி மிச்சமிருந்தது.

"எந்தக் குழிலேர்ந்து எண்ணினேன் நான்?" என்று கிரண்குமாரைக் கேட்டார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். மொத்தம் ஆயிரத்து நூற்றெண்பது. எருக்கைச் சேர்க்காமல்.

அவர் முகம் கறுத்தது. "முப்பது வருஷமா மரம் எண்றேன். நூத்துக்கு நாப்பது பிழைச்சா சந்தோஷப்படுவேன். நூத்துக்கு நூத்துப் பதினெட்டு எப்படிம்மா பிழைக்கும்? நேத்து ராத்திரி கொண்டுவந்து சொருகினீங்களா? இப்படி ஏமாத்தினா சமிதியே ரத்து, தெரியுமில்ல?"

ஐநூறு இல்லாமல் போகுமோ என்றுதான் ரத்னம்மா இரண்டு வருஷம் பயந்திருந்தாள். அதிகமானதால் மலை போகும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

ரேஞ்சர் குனிந்து, பக்கத்திலிருந்த இடுப்பளவு மகிழங்கன்றின் தண்டை இரண்டு கையாலும் பிடித்தார். சொருகிவைத்ததா, வேர் விட்டதா என்று பார்க்க ஒரு இழுப்பு இழுத்தார்.

"ஐயோ, என் புள்ளயப் புடுங்காதீங்க சார்!"

லட்சுமம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவர் காலடியில் விழுந்து தண்டைக் கட்டிக்கொண்டாள். ரேஞ்சர் பதறிக் கையை எடுத்தார். செடி அசையவே இல்லை. பக்கத்தில் ஒரு வன்னியைத் தொட்டார், அங்கிருந்து ஒரு அலறல். இலுப்பைப் பக்கம் திரும்பத்தான் செய்தார், இரண்டு பேர் ஓடிவந்து முன்னால் நின்றார்கள். ஒருத்தி குவைத் என்றாள், ஒருத்தி சிங்கப்பூர் என்றாள், ஒருத்தி மெடிக்கல் முடிந்துவிட்டது, டிக்கெட்தான் பாக்கி என்றாள். ரேஞ்சருக்கு விஷயம் ஒன்றும் விளங்கவில்லை. கிரண்குமார் தெலுங்கில் அவர் காதருகே பத்து நிமிஷம் சொன்னார், நடுநடுவே தானே சிரித்துவிட்டுத் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார்.

ரேஞ்சர் பேனாவை வாங்கி, சீட்டில் ஆயிரத்துக்கு ஆயிரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நூத்துக்கு நூறுக்கு மேல எழுத இதுல கட்டம் இல்லை. மலை உங்களது" என்றார்.

ஊர் கத்திய கத்தலில் நிறுத்தத்தில் நின்ற பேருந்து ஹாரன் அடித்தது. ரத்னம்மா சிரித்தாள், அழுதாள், கங்கையாவைத் தூக்கச் சொன்னாள், அவர் முடியாது என்றதும் அவளே அவரைத் தூக்கிவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். இறங்கும்போது ரேஞ்சர், இப்போது கொஞ்சம் சிரித்த முகமாகவே, அவளிடம் கேட்டார்.

"எல்லாருக்கும் ஒரு மரம் இருக்கே. உன்னோடது எதும்மா?"

ரத்னம்மா திரும்பி மலையைப் பார்த்தாள். அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் பச்சையாக இருந்தது.

"எனக்கு எதுக்கு சார் மரம்? நான் எங்கியும் போகலியே."